வாராத பயிற்சியாளரும் வந்த பயிற்சியாளரும்

வதந்திக்குக் கால் இல்லை. ஆயினும் அது ஊரைச் சுற்றி வரும் வேகம் எந்தப் பந்தாட்ட வீரனுக்கும் இல்லை. 2025 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டுக் கால்பந்து இரசிகர்கள் இதனைக் கண்கூடாகக் கண்டனர்.

இந்திய ஆடவர் அணியின் பயிற்சியாளராக இருந்த ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ் அம்மாதத் தொடக்கத்தில் விலகினார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விண்ணப்பங்களைக் கோரியது. 170 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் சாவி எர்ணாண்டஸும் ஒருவர் என்று திடீரெனச் செய்தி வந்தது. 2010 இல் உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியின் நடுக்கள வீரர் அவர். பின்னர் பார்சிலோனா அணிக்குப் பயிற்சியாளராகி, 2023 இல் ஸ்பெயின் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர். அவருக்குரிய ஊதியத்தைக் கொடுக்க இயலாது என்பதால் அவர் பெயர் ஒதுக்கப்பட்டது என்றும் அச்செய்தி கூறியது.

உடனே எத்தனை குரல்கள்! "இனி நமக்கும் உலகக் கோப்பைதான்" என்று மகிழ்ந்தவர் ஒருபுறம். "கிரிக்கெட்டுக்குக் கோடிகள் உண்டு, கால்பந்துக்குக் காசு இல்லையா?" என்று கொதித்தவர் மறுபுறம். "உலகத் தரவரிசையில் 133 ஆம் இடத்தில் இருக்கும் அணிக்குச் சாவி எதற்கு?" என்று நகைத்தவர் இன்னொரு புறம். விண்ணப்பம் மெய்தானா என்று கேட்டவர் சிலரே.

இரண்டொரு நாளில் உண்மை வெளிப்பட்டது. சாவியின் பெயரிலும், புகழ்பெற்ற பெப் குவார்டியோலாவின் பெயரிலும் வந்த விண்ணப்பங்கள் உண்மையானவை அல்ல என்று கூட்டமைப்பே அறிவித்தது. 19 வயது மாணவர் ஒருவர் விளையாட்டாக அனுப்பிய மின்னஞ்சல் அது என்று செய்தித்தாள்கள் எழுதின. நம்மைவிட நான்கே வயது மூத்தவர்! ஒரு நாட்டின் இரசிகர் கூட்டத்தையே அவரால் ஆட்டிவைக்க முடிந்தது என்றால், தவறு அவருடையது மட்டுந்தானா? கேட்டதை ஆராயாமல் அடுத்தவர் காதில் போட்ட அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளை, பொய்யை முதலில் சொன்னவருக்கு மட்டும் உரியது அன்று. அதைச் சுமந்து சென்றவருக்கும் உரியது என்பதே எங்கள் கருத்து.

ஆகஸ்டு முதல் நாள் காலித் ஜமீல் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு இப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். 2017 இல் மிசோரத்தின் ஐஸ்வால் என்னும் சிறிய அணியை ஐ-லீக் பட்டம் வெல்லச் செய்தவர். சிலர் வாழ்த்தினர், சாவியைக் கனவு கண்டவர்களோ, "இவர்தானா?" என்று முகம் சுளித்தனர். செப்டம்பரில் மத்திய ஆசியக் கூட்டமைப்பின் போட்டியில் ஓமானை வென்று இந்தியா மூன்றாமிடம் பெற்றபோது அதே வாய்கள் புகழ்ந்தன. அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தபோது மீண்டும் இகழ்ந்தன. இரண்டு மாதங்களில் ஒருவரைத் தெய்வமாக்கிப் பின் தெருவில் நிறுத்துவது நியாயமா?

நல்லவர் வர வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா எனச் சிலர் கேட்கலாம். குற்றமன்று. வெளிநாட்டவர் கூடாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் அப்படிச் சொன்னால் நம் வயல்களே சிரிக்கும். நம் நெல்லுக்கும் திராட்சைக்கும் நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை 1895 இல் கட்டி முடித்தவர் ஆங்கிலேயரான பென்னிகுவிக். ஆனால் இன்று ஜனவரி 15 அன்று நம் ஊர்களில் அவருக்குப் பொங்கல் வைப்பது அவர் வெளிநாட்டவர் என்பதற்காகவா? வெள்ளம் வேலையை அடித்துச் சென்றபோதும் ஓடிவிடாமல் நின்று முடித்தாரே, அதற்காக அல்லவா?

உள்நாட்டிலும் அத்தகையோர் இருந்தனர். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரஹீம் பயிற்றுவித்த அணியே 1951 இலும் 1962 இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. புற்றுநோயின் வேதனையோடு ஜகார்த்தாவில் அணியை நடத்திய அவர், மறு ஆண்டே மறைந்தார். ஆகவே பெயரைப் பார்ப்பதைவிட, எத்தனை காலம் நின்று உழைப்பார் என்று பார்ப்பதே அறிவுடைமை.

இன்னொன்றும் எங்கள் மனத்தை உறுத்துகிறது. சாவியின் பேச்சு எழுந்த அதே ஜூலையில், 5 ஆம் நாள், இந்திய மகளிர் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதல் முறை. அப்போது அணியின் பயிற்சியாளராக இருந்தவர் கிரிஸ்பின் சேத்ரி. அவர் பெயரை எத்தனை வீடுகளில் பேசினார்கள்? வராதவருக்காக இரவெல்லாம் வாதிட்டவர்கள், வென்று வந்த பெண்களுக்காக ஒரு நிமிடம் கைதட்டவில்லையே! தமிழ்நாட்டு மகளிர் 2018 இலும் 2023 இலும் தேசியப் பட்டம் வென்றவர்கள். கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடியதோடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணிபுரிந்தவர். இவர்களும் நம்மைப்போல் சீருடை அணிந்து பள்ளிக்குச் சென்ற சிறுமியர்தாமே!

மதிப்பிற்குரிய பெற்றோரே, அன்புள்ள அருட்சகோதரியரே! பத்தாம் வகுப்பு என்றதும் பெண்களின் விளையாட்டு வேளை கணக்கு வேளையாக மாறிவிடுவது எங்கும் உள்ள வழக்கம். தேர்வு முக்கியம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வாரத்தில் ஒரு மாலையேனும் பந்து எங்கள் காலடியில் இருக்கட்டும் என்றே வேண்டுகிறோம். வெயிலில் நின்று விசில் ஊதும் உடற்கல்வி ஆசிரியையே எங்கள் முதல் பயிற்சியாளர். அவருக்கு ஒரு நல்ல மைதானமும் நான்கு புதிய பந்துகளும் கிடைத்தால், சாவி வந்ததைவிட எங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

தோழியரே! கேட்டதை ஆராய்வோம், வந்தவரை மதிப்போம், தோற்றவரைத் தாங்குவோம். வாய் ஆடியது போதும், இனிக் கால்கள் ஆடட்டும்!

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு