உப்பைக் குறை என்போரே, விலையைக் குறையுங்கள்!

“உப்பைக் குறையுங்கள், வாயைக் கட்டுங்கள்.” தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் எந்த மருத்துவ முகாமுக்குப் போனாலும் காதில் விழுவது இந்த உபதேசம்தான். உபதேசத்தில் தவறில்லை. ஆனால் அத்தோடு தங்கள் கடமை தீர்ந்தது என்று கைகழுவிக் கொள்கிறார்களே, அங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் வழக்கு.

முதலில் நம் தரப்புப் பிழையை ஒப்புக் கொள்வோம். கொதிப்பும் சர்க்கரையும் பணக்கார வியாதி, நாற்று நடும் பெண்ணுக்கும் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் அவை வரமாட்டா என்று நாமும் பல காலம் பேசித் திரிந்தோம். உண்மை வேறு. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கின்படி, வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இன்னும் கொடுமை என்னவென்றால், கொதிப்புள்ளவர்களில் 100க்கு 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவில் 100க்கு 11 பேர். மற்றவர்கள் கதி என்ன?

உப்பு இங்கே என்ன செய்கிறது? உடம்பில் நீரைத் தேக்கி, ரத்தக் குழாயில் அழுத்தத்தை ஏற்றுகிறது. இது பழைய பாடம். புதிய பாடமும் உண்டு. புண்பட்ட இடம் சிவந்து வீங்குகிறதல்லவா, அதற்கு அழற்சி என்று பெயர். புண்ணை ஆற்ற உடம்பு நடத்தும் போர் அது. மிகுதியான உப்பு, இந்தப் போரை நடத்தும் வெள்ளணுக்களில் ஒரு வகையை வீணாகத் தூண்டிவிடுகிறது என்று 2013இல் ‘நேச்சர்’ விஞ்ஞான இதழில் ஆய்வுகள் வெளிவந்தன. அவை பெரும்பாலும் எலிகளிலும் சோதனைச் சாலையில் வளர்த்த அணுக்களிலும் கண்டவை. மனித உடம்பில் இது எந்த அளவுக்கு என்ற ஆராய்ச்சி தொடர்கிறது. ஆனால் நீரிழிவு ஏற்கெனவே ரத்தக் குழாயின் உட்சுவரை அழற்சிக்கு உள்ளாக்குகிறது. கொதிப்பு அதே சுவரை இடித்துக் கொண்டே இருக்கிறது. இரண்டும் உள்ளவருக்கு மிகை உப்பு எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பதுதான். முதலில் பலியாவது சிறுநீரகம், மூளை, இருதயம்.

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி. விவசாயத் தொழிலாளியின் கலயத்தைப் பாருங்கள். பழைய சோறு, அதற்கு ஊறுகாய், மோர் மிளகாய், அல்லது ஒரு துண்டுக் கருவாடு. காய்கறி விற்கும் விலையில், நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய்விட்ட காலத்தில், எத்தனை நாள் கூட்டும் பொரியலும் வைக்க முடியும்? வெறுஞ்சோற்றைத் தொண்டைக்குள் இறக்க மலிவான துணை உப்புதான். இது நாக்கு ருசியா, கூலிக் கணக்கா? “வியர்வை சிந்துகிறவனுக்கு உப்பு வேண்டாமா?” என்பாரும் உண்டு. வேண்டும். அறவே விடச் சொல்லவில்லை. ஆனால் ஊறுகாயும் கருவாடும் சேர்ந்து தருவது தேவைக்கு மேற்பட்டது.

“உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்று சொல்லிச் சொல்லியே மிராசுதார்கள் பண்ணையாளை அடக்கி வைத்தார்கள். யார் உப்பை யார் தின்றார்கள்? நெல்லை விளைவித்தவன் பண்ணையாள். உப்பை வாரியவன் வேதாரண்யம் உப்பளத் தொழிலாளி. 1930இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் உப்பு யாத்திரை புறப்பட்டபோது, தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று மிரட்டினார் தஞ்சை கலெக்டர் தார்ன். ஜனங்கள் மிரளவில்லை, சோறு போட்டார்கள். அன்று உப்புக்கு வரி போட்டான் வெள்ளைக்காரன். இன்றோ, உடம்புக்குக் கேடு குறைந்த உப்புக்கே கூடுதல் விலை!

ஆம், அப்படி ஓர் உப்பு உண்டு. சோடியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் கண்டவர்களும் கொதிப்புள்ள முதியோருமாக ஏறத்தாழ 21,000 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பக்கவாதம் 100க்கு 14 பங்கு குறைந்தது என்று 2021இல் முடிவு வெளிவந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கொதிப்புக்குச் சிலவகை மருந்து சாப்பிடுபவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

இந்த உப்பு நம் அரசுக்குப் புதிதா? இல்லை. அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் சரக்காக 2014லேயே அறிமுகமாயிற்று. அன்று சாதாரண அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய்; சோடியம் குறைந்த உப்பு 21 ரூபாய்! நோயாளிக்கு வேண்டியதை இரட்டிப்புக்கு மேல் விலை வைத்துவிட்டு, ஏழை வாங்கவில்லை என்றால் அது அறியாமையாம்! பொட்டாசியம் விலை அதிகம் என்று கணக்குக் காட்டுவார்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ உப்பு. வித்தியாசம் சில்லறைக் காசு. சிறுநீரகம் கெட்டபின் வாரம் தவறாமல் ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆகும் செலவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது லாபம்?

பெட்டிக்கடையில் தொங்கும் உப்புச் சரக்குப் பொட்டலங்களின் கதை வேறு. சிலி நாட்டில் 2016 முதல் சோடியம் மிகுந்த பொட்டலத்தின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை கட்டாயம். இங்கே 2022இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முன்வைத்த நகல் விதி என்ன? எச்சரிக்கை அல்ல, நட்சத்திரம்! கெடுதலுக்குக்கூட அரை நட்சத்திரம் குத்தி அனுப்பும் தாராளம் முதலாளிகளிடம் மட்டும்தான் பிறக்கும்.

வீடு வீடாக மருந்து கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் வந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதைச் சுமந்து செல்லும் பெண்களுக்குக் கொடுப்பது சம்பளமல்ல, ‘ஊக்கத்தொகை’. அவர்கள் வயிறு காய்ந்தால் திட்டம் எத்தனை நாள் நடக்கும்?

ஆகவே நாம் கேட்கிறோம்: சோடியம் குறைந்த உப்பை நியாய விலைக் கடையில் சாதாரண உப்பின் விலைக்கே கொடு. கொதிப்பு மாத்திரை ஒரு நாளும் தட்டுப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வை. சுகாதாரத் தொண்டர்களுக்கு முறையான சம்பளம் கொடு. பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கை போடு. காய்கறி வாங்கக் கட்டுபடியாகும் கூலியை நிர்ணயம் செய்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளைக் கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசும்போதே, கொதிப்பு பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். ஊறுகாய்ப் பாட்டிலைத் தள்ளி வைக்க நாமும் பழகுவோம். உப்புக்காக ஒருமுறை நடந்த மண் இது. மறுபடியும் நடக்கத் தயங்காது!