நூல் இருக்கிறது, பேசத்தான் மறுக்கிறது

பார்வையற்ற முதுகலை மாணவர் ஒருவர் இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடு ஒன்றைத் தேடுகிறார். கணினியில் ‘என்விடிஏ’ திரைவாசிப்பான் தலைப்பைப் படிக்கிறது, ஆசிரியர் பெயரைச் சொல்கிறது. பிடிஎஃப் கோப்பைத் திறந்ததும் வாயடைத்துப் போகிறது. உள்ளே இருப்பது ஸ்கேன் செய்த படம். இன்னொரு கோப்பு பேசுகிறது. ஆனால், அது தமிழ் அல்ல. யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ‘அம்மா’, எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று ஒலிக்கிறது.

பிறகு நண்பர்தான் வாசித்துக் காட்ட வேண்டும். பார்வையுள்ள மாணவர் அலமாரி முன் நின்று பத்து நூல்களைப் புரட்டி, ஒன்பதை ஒதுக்கிவிட்டு ஒன்றை எடுக்கிறார். ஆய்வு என்பதே இந்த ஒதுக்கல்தான். நண்பரின் ஓய்வு நேரத்தை நம்பியிருப்பவர் ஒன்பது நூல்களை வீணாக வாசிக்கச் சொல்வாரா? கிடைத்த ஒன்றோடு நின்றுவிடுகிறார்.

இந்த நிலையை மாற்றச் சட்டம் தடையல்ல. பார்வையற்றோர் படிக்கும் வடிவுக்கு நூல்களை மாற்றப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் அனுமதிக்கிறது. அதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. ஆனால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, உயர்கல்வியில் 5% இடம் ஒதுக்கிவிட்டு, இலவச நூல்களுக்கான உறுதியை 18 வயதோடு முடித்துக்கொள்கிறது. கல்லூரி வாசலில் இடம் கிடைக்கிறது, புத்தகம் நின்றுவிடுகிறது.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவும், ‘சுகம்ய புஸ்தகாலயா’ இணைய நூலகமும் நல்ல முயற்சிகள். ஆனால், அவரவர் துறைக்கான நூலுக்கு மாணவர் தன் பல்கலைக்கழக நூலகத்தைத்தான் நாட வேண்டும். அங்கே மூன்று மாற்றங்கள் தேவை. முதலாவதாக, திரைவாசிப்பான் படிக்கக்கூடிய நூல் எது என்பதை நூற்பட்டியலே சொல்ல வேண்டும். இரண்டாவதாக, மாணவர் கேட்கும் நூலை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மூலம் உரையாக்கி, பிழைதிருத்திக் குறித்த நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பிரதியைப் பிற பல்கலைக்கழகங்களோடும் பகிர வேண்டும். மூன்றாவதாக, ஆய்வேடுகளை யூனிகோடு உரையாக மட்டுமே பெற வேண்டும்.

முதல் இரண்டுக்கு ஆளும் பணமும் வேண்டும். மூன்றாவதற்குத் துணைவேந்தரின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்தக் கல்வியாண்டிலேயே அனுப்புங்கள்.