அம்பாசடரா, ஹெரால்டா?

பழைய கார் வாங்கி வைக்க ஆசைப்படும் பிள்ளைகள் எல்லாரும் அம்பாசடரையே தேடுகிறார்கள். குறை சொல்லமாட்டேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் வரும் குடும்பங்கள் பத்துப் பேராக அதில்தான் அடைந்து வருவார்கள். ஆனால் 2014 வரை தயாரான வண்டி. உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. அது தப்பித்துக்கொள்ளும்.

பிரெஞ்சு படித்தவன் பெஜோவைத்தான் சொல்வான் என்று நினைக்காதீர்கள். என் ஓட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு. 1961 முதல் நம் வண்டலூரில் செய்தது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு முன்னால் சாயும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே இன்ஜின் பார்ப்பார். சேஸிஸ் தனி என்பதால் பாடியை போல்ட் கழற்றிப் பகுதி பகுதியாகச் சரிசெய்யலாம். 25 அடி வட்டத்தில் திரும்பும். எங்கள் தெருவில் அம்பாசடரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உங்கள் ஊர்க் கொல்லையில் ஒரு ஹெரால்டு துருப்பிடித்துக் கிடந்தால், பழைய இரும்புக்காரர் வருமுன் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.