"கை எக்ஸர்சைஸ் பண்ணுங்க"ன்னு மட்டும் எழுதி அனுப்புறது வைத்தியம் இல்ல

கொஞ்சம் நீளமான த்ரெட். தோள்பட்டை வலியோட கை மேல எழும்பாம இருக்கறவங்களுக்கும், அவங்களை ஓபியில பார்க்கற என்னை மாதிரி எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கும் சேர்த்து எழுதறேன்.

புரட்டாசியில ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பதைத் தாண்டினவங்க. (யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) மரக்காணம் பக்கம் உப்பளத்துல உப்பு வாரும் வேலை. வலது கை தூக்க முடியாம போனதால வேலையை விட்டுட்டு, பெரிய முதலியார்சாவடியில மகள் வீட்டுக்கு வந்துட்டாங்க. கோட்டக்குப்பம் தாண்டி ஈசிஆர்ல வர்ற ஊர். ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆரோவில். வழியெல்லாம் யோகா கிளாஸ் போர்டு இருக்கும்.

"எந்த வேலைம்மா செய்ய முடியல?"ன்னு கேட்டேன்.

"ஜாக்கெட் கொக்கி போட முடியல மேடம். தலை சீவ பொண்ணு வேணும். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா உசிரு போவுது."

பழைய சீட்டை வாங்கிப் பார்த்தேன். ரெண்டு மாசம் முன்னாடி எழுதினது. வலி மாத்திரை அஞ்சு நாளைக்கு, கீழே "கை எக்ஸர்சைஸ்"னு ஒரு வரி. கையெழுத்து என்னோடது.

அந்த ஒரு வரியை நம்பி அவங்க மகள் மொபைல்ல வீடியோ தேடியிருக்காங்க. வீட்டு உத்தரத்துல கயிறு போட்டு, நல்ல கையால வலிக்கிற கையை மேல இழுக்கறது. தினமும் ரெண்டு வேளை, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். ரெண்டு வாரத்துல தூக்கமே போச்சு. அப்புறம் மெடிக்கல் ஷாப்புல செட் மாத்திரை.

மாத்திரைன்னா எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு எழுதறோம். எக்ஸர்சைஸுக்கு மட்டும் எதுவும் எழுதறதில்ல. அதுக்கும் அளவு உண்டு, பக்கவிளைவும் உண்டு.

அவங்களுக்கு இருந்தது ஃப்ரோசன் ஷோல்டர். 1934ல அமெரிக்க சர்ஜன் காட்மன் வச்ச பேர். தோள் மூட்டைச் சுத்தி இருக்கற உறை தடிச்சு சுருங்கிடும். முதல்ல வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் மெதுவா தளர்றது. மொத்தமா 1 முதல் 3 வருஷம் வரைக்கும் இழுக்கும்.

ஓபியிலயே அரை நிமிஷத்துல பார்த்துடலாம். முழங்கையை விலாவோட ஒட்டி மடக்கி வச்சுக்கிட்டு, முன்கையை வெளிப்பக்கமா திருப்பச் சொல்லுங்க. அவங்களாலயும் திருப்ப முடியாம, நாம பிடிச்சு திருப்பினாலும் போகாம நின்னா, பெரும்பாலும் இதுதான் (தேய்மானமும் இப்படி இருக்கலாம், அதுக்குத்தான் எக்ஸ்ரே). அவங்களால முடியல, ஆனா நாம தூக்கினா கை முழுசா போகுதுன்னா தசைநார் கிழிஞ்சிருக்கான்னு பார்க்கணும். ரெண்டுக்கும் ஒரே எக்ஸர்சைஸ் கிடையாது.

இன்னொரு விஷயம், சுகர். சர்க்கரை நோய் இருக்கறவங்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் மத்தவங்களை விட பல மடங்கு அதிகம் வரும். 2023ல வந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வுல தமிழ்நாட்டுல 14.4 சதவீதம், பக்கத்துல இருக்கற புதுச்சேரியில 26.3 சதவீதம் பேருக்கு சர்க்கரை. அந்த ஊர் எல்லையில உட்கார்ந்துக்கிட்டு தோள் வலிக்கு சுகர் பார்க்காம அனுப்பினது என் தப்பு. புரட்டாசியில பார்த்தப்ப ரேண்டம் 286. அதுவரை அவங்களுக்கு சுகர் இருக்கறதே தெரியாது.

சரி, இழுத்துப் பிடிச்சு செஞ்சா சீக்கிரம் சரியாகும்னு ஏன் எல்லாரும் நினைக்கறோம்? துருப்பிடிச்ச கீல் மாதிரி மூட்டையும் நினைக்கறோம். 2004ல நெதர்லாந்துல 77 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரு குழு வலியைத் தாண்டி கடுமையா பயிற்சி செஞ்சது. இன்னொரு குழு வலி அனுமதிக்கற அளவுக்குள்ள மட்டும் செஞ்சது. 2 வருஷம் கழிச்சு ஏறக்குறைய இயல்பான, வலியில்லாத தோள் கிடைச்சது கடுமையா செஞ்சவங்கள்ல 63 சதவீதம், மெதுவா செஞ்சவங்கள்ல 89 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனா ஓபியில நான் பார்க்கறதும் இதுதான்.

"ஆபரேஷன் பண்ணா உடனே சரியாகுமாமே?"ன்னு கேக்கறவங்களுக்கு: 2020ல லான்செட்ல வந்த யூகே ஃப்ராஸ்ட் ஆய்வு, 503 பேர். மயக்கம் கொடுத்து கையைத் திருப்பி விடறது, துளை போட்டு உறையை வெட்டி விடறது, ஸ்டீராய்டு ஊசியோட பிசியோதெரபி, இந்த மூணையும் ஒப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு சொல்லிக்கற மாதிரி எதுவும் மத்ததை விட மேல இல்ல. (ஊசி போட்டா சில நாளைக்கு சுகர் ஏறும். போடறவங்ககிட்ட சுகர் இருக்குன்னு கட்டாயம் சொல்லுங்க.)

இப்ப வீட்டுல என்ன செய்யறது. அந்த அம்மாவுக்கு நான் ரெண்டாவது தடவை எழுதினதை அப்படியே சொல்றேன்.

முதல்ல வெந்நீர் ஒத்தடம், 10 நிமிஷம். சுகர் இருந்தா சூடு உறைக்காம போகலாம், அதனால மகள் கை வச்சுப் பார்த்த பிறகுதான். அப்புறம் சமையல் மேடையில நல்ல கையை ஊனி, முன்னால குனிஞ்சு, வலிக்கிற கையை கிணத்து வாளி மாதிரி தொங்க விடணும். உடம்பை லேசா ஆட்டினா கை தானா ஆடும். கையை நாம ஆட்டக் கூடாது, இதுதான் பலருக்குப் புரியாது. ஒரு நிமிஷம் போதும்.

அடுத்தது, முக்காலியில உட்கார்ந்து கட்டில் மேல ஒரு துண்டு விரிச்சு, அதுமேல கையை வச்சு முன்னால தள்ளிக்கிட்டே போறது. கையோட எடையை கட்டில் தாங்கிக்கும். 10 தடவை. மூணாவது, மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோட ஒட்டி, ரெண்டு கையிலயும் ஒரு ஒட்டடைக் குச்சியைப் பிடிச்சு, நல்ல கையால தள்ளி வலிக்கிற கையை வெளிப்பக்கம் திருப்பறது. இதுவும் 10. ஒரு நாளைக்கு மூணு வேளை, ஒவ்வொரு தடவையும் 5 நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

சுவத்துல விரல் ஏத்தறது, முதுகுக்குப் பின்னால துண்டைப் பிடிச்சு இழுக்கறது எல்லாம் ராத்திரி வலி அடங்கின பிறகு. துண்டு கடைசி. ஜாக்கெட் கொக்கிக்கு அதுதான் வேணும்னாலும் கடைசிதான். கயிறு, கப்பி இப்போ வேண்டவே வேண்டாம். பக்கவாதம் வந்த கையை அப்படி இழுக்கவே கூடாது. போர்டுல பார்த்துட்டு சூரிய நமஸ்காரத்துல சேரலாமான்னு மகள் கேட்டாங்க. அதுல உடம்பு எடை பாதி தோள்லயும் மணிக்கட்டுலயும் இறங்குது. இப்போ இல்ல.

அளவு எப்படித் தெரியும்? வலி பத்துக்கு மூணு, நாலு வரைக்கும் இருக்கலாம். நிறுத்தின அரை மணி நேரத்துல அடங்கிடணும். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தா மறுநாள் பாதியா குறைங்க. வலிக்குதேன்னு மொத்தமா நிறுத்தவும் வேண்டாம்.

கைதான் முடங்கியிருக்கு, கால் இல்ல. சுகருக்கு சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிஷம் நடை. அவங்களுக்கு முழங்கால் வலியும் உண்டு, அதனால பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து கையை ஊனாம எழுந்திரிக்கறது, 10 தடவை. கஷ்டமா இருந்தா ரெண்டு சேரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா உயரம் கொஞ்சம் கூடும், எழுந்திரிக்க சுலபம். ஜிம் சாமான் எதுவும் வாங்க வேண்டாம்.

"வருஷம் பூரா உப்பு வார்றவங்களுக்கு எதுக்கு எக்ஸர்சைஸ்?" இதை என் கூட வேலை பார்க்கறவங்களே கேட்டிருக்காங்க. நீளக் கம்பு வச்ச பலகையால ஈர உப்பை இழுக்கறது ஒரே திசையில, ஒரே அசைவு, ஆயிரம் தடவை. வலிச்சா நிறுத்தற உரிமை அதுல கிடையாது, நிறுத்தினா கூலி இல்ல. எக்ஸர்சைஸ்ல அந்த உரிமை இருக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல.

வீட்டுக்கே பிசியோதெரபி வர்ற ஏற்பாடு நம்ம மாநிலத்துல இருக்கு. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம். நல்ல திட்டம், நான் கண்ணால பார்க்கறேன். ஆனா பல ஊருக்கும் சேர்த்து ஒரு பிசியோதெரபிஸ்ட் ஓடும்போது, படுக்கையில இருக்கறவங்களுக்குத்தான் முதலிடம், அதுதான் நியாயமும். நடந்து வந்து ஓபியில நிக்கற தோள் வலிக்காரருக்கு ஓபியிலயே 3 நிமிஷம் ஒதுக்கி, நாமளே ஒரு தடவை செஞ்சு காட்டணும். கூட்டம் தெரியும், நானும் அதுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கேன். செஞ்சு காட்டறதை மகள் மொபைல்லயே வீடியோ எடுக்கச் சொல்லிட்டேன். யூடியூபை விட அது மேல்.

எக்ஸர்சைஸ் செய்யாம உடனே வரவேண்டியவங்க: கீழே விழுந்த பிறகு கை தூக்க முடியாதவங்க, மூட்டு சிவந்து வீங்கி காய்ச்சல் இருக்கறவங்க, கை மரத்து பிடி தளர்றவங்க. நடக்கும்போது தோளோ கையோ வலிச்சு வியர்த்தா அது இதயமா இருக்கலாம், ஈசிஜி எடுங்க. காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல பல மூட்டு இறுகியிருந்தா அது வேற நோய்.

அந்த அம்மா போன வாரம் வந்தாங்க. சுகர் குறைஞ்சிருக்கு. ராத்திரி தூங்கறாங்க. கை காது வரைக்கும் போகுது, தலையை அவங்களே சீவிக்கறாங்க. கொக்கி இன்னும் மகள்தான்.

"தை பொறந்தா பாத்தி வேலை ஆரம்பிச்சிடும் மேடம், போவலாமா?"ன்னாங்க. உப்பு வார இப்போ வேண்டாம், தலையில கூடை தூக்கவும் வேண்டாம், லேசான வேலை கொடுத்தா போங்கன்னேன். "அங்க லேசான வேலை ஏது மேடம்"னு சிரிச்சாங்க. ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லி சீட்டுல தேதி போட்டிருக்கேன்.