மேனேஜர் என்றால் பல்பு மாட்டுகிறவரா?

எங்கள் தீர்த்தமலைக்கு வந்திருக்கிறீர்களா? மலைமேல் பாறையிலிருந்து விழும் ராம தீர்த்தத்தில் தலையை நனைத்துக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் கீழே ஊருக்குள் குடிதண்ணீர் சங்கதி வேறே! தொட்டியில் ஏற்றி, குழாயில் விடணும். அதற்கென்று பஞ்சாயத்தில் ஓர் ஆள். தொட்டி ஆபரேட்டர் என்பது உத்தியோகப் பெயர். எங்களுக்கு அவர் 'தண்ணி விடறவர்'. குழாயில் கலங்கலாக வந்தால் பெண்கள் நேரே அவர் வீட்டு வாசலுக்கே போய், "ஏண்ணே, தொட்டி கழுவி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுவிடுவார்கள்.

போன வருஷம் சென்னையில் மகன் வீட்டில் பத்து நாள் தங்கினேன். அறுபது வீடுகள் கொண்ட ஃப்ளாட். லிஃப்ட், ஜெனரேட்டர், வாசலில் செக்யூரிட்டி... ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் பேத்திக்கு வயிற்றுப்போக்கு. எதிர் வீட்டுப் பையனுக்கும் அதே. மேல் மாடியில் இன்னும் மூன்று பேர். சம்ப் எப்போது கழுவினார்கள் என்று மகனைக் கேட்டேன். "அதெல்லாம் மேனேஜர் பார்த்துக்குவாரும்மா" என்றான்.

மேனேஜரைத் தேடிப் போனேன். மூன்றாவது மாடியில் யார் வீட்டிலோ ஸ்டூல் மேல் ஏறி டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தார்!

கீழே வந்து ஒரு நோட்டைக் காட்டினார். சம்ப் சுவரில் விரிசல், பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் என்று கமிட்டிக்கு மூன்று தடவை எழுதியிருக்கிறார். மூன்று தடவையும் 'அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம்' என்று பதில். "இரண்டாயிரத்துக்கு மேல செலவுன்னா கையெழுத்து வாங்கணும்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது கோலிஃபார்ம் கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது.

இந்த ஆளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மேனேஜர் என்பவர் வீட்டுக்காரர்கள் சங்கம் வைத்த சம்பள ஆள். மோட்டார், தொட்டி, லிஃப்ட், கழிவுநீர் எல்லாவற்றையும் கண்காணிப்பதும், கணக்கு எழுதுவதும், பழுதை முன்கூட்டியே சொல்வதும் அவர் வேலை. முடிவெடுப்பதும் பணம் ஒதுக்குவதும் சங்கத்தின் வேலை. 1994-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்து, 2024-ல் அமலாகியிருக்கிறது. அதிலும் பொதுவானவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு சங்கத்தின் தலையில்தான். 'மேனேஜர் பார்த்துக்குவார்' என்று கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

தண்ணீர் விஷயத்தில் தர்மபுரிக்காரர்களுக்குப் பட்ட அனுபவம் உண்டு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. பல்லெல்லாம் பழுப்புக் கறை, மூட்டெல்லாம் வலி. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃப்ளோரைடைக் காய்ச்சி விரட்ட முடியாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. உங்கள் ஃப்ளாட்டில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில்தானே கலக்கிறது? அதைச் சோதிக்க யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?

குளோரின் பார்ப்பது சுலபம். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கணும். சோதிக்கும் பெட்டி அதிக விலையும் இல்லை. தினமும் காலையில் மேனேஜர் பார்த்து நோட்டீஸ் போர்டில் எழுதட்டும். அவரை டியூப்லைட் மாட்டக் கூப்பிடாமல் இருந்தால் நேரம் தானாகக் கிடைக்கும்!

இன்னொன்று. கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால், 'யாரையாவது கூட்டிவந்து உள்ளே இறக்குப்பா, சீக்கிரம் முடியட்டும்' என்று மேனேஜரை நெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது விஷவாயு. ஒரே மூச்சில் ஆள் போய்விடும். 2013-ஆம் வருஷச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். 'முடியாது, மெஷின் லாரிதான் வரணும்' என்று சொல்கிற தைரியம் மேனேஜருக்கு வேண்டும். அப்படிச் சொன்னதற்காக வேலை போகாது என்ற உறுதியை நீங்கள் கொடுக்கணும்.

என்னைக் கேட்டால், குடிதண்ணீரும் கழிவுநீரும் சம்பந்தப்பட்ட அவசரச் செலவுக்கு மீட்டிங் வரை காத்திருக்கவே கூடாது. ஒரு தொகையை மேனேஜர் கையிலேயே கொடுத்துவிட்டு, மறுநாள் பில்லைக் கேளுங்கள். கமிட்டிக்காரர்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

பேத்தி மூன்று நாளில் தேறிவிட்டாள். ஊருக்குக் கிளம்பும்போது, "அடுத்த மீட்டிங்குக்கு நீ கண்டிப்பாப் போகணும்டா" என்று மகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். போயிருக்கிறான். அறுபது வீட்டில் வந்தவர்கள் பதினோரு பேராம்!