நோட்டில் எழுதிய பெயர்களைத் தேடிப் போவோம், வாருங்கள்



நம் மாணவர் ஜெபக்குழு முதலாண்டு மாணவர்களுக்கு நடத்திய வரவேற்புக் கூட்டம் முடிந்துவிட்டது. பாட்டும் கிட்டாரும் சாட்சியும் பிரியாணியும் நன்றாகவே அமைந்தன. உட்கார இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டு கேட்டவர்களும் உண்டு. போன சனிக்கிழமை ஜெபத்துக்கு வந்தது யார்? கமிட்டியும், கமிட்டியின் ரூம்மேட்டுகளும்.

இன்னொரு பெரிய கூட்டம் போட்டால் எல்லாரும் திரும்ப வருவார்கள் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அன்றைக்கு வந்தவர்களின் பெயர், துறை, ஊர், போன் நம்பர் எழுதிய நோட்டு நம்மிடம் இருக்கிறது. அந்த நோட்டைத் திறந்து ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பதுதான் இந்த செமஸ்டரில் நமக்கு இருக்கும் ஒரே வேலை. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் தெருவில் கால் வைக்க முடியாது. அதன்பின் மாடல் தேர்வு, பிராக்டிகல், ஊருக்கு டிக்கெட். இப்போது விட்டால் இந்தப் பிள்ளைகளை விட்டதுதான்.

அவர்கள் வராததற்கு விசுவாசக் குறைவைக் காரணம் சொல்லாதீர்கள். ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் கடைசி பீரியட் முடிந்ததும் காலேஜ் பஸ்கள் வரிசையாகக் கிளம்பிவிடுகின்றன. அதை விட்டால் தாம்பரம் போகிறவன் வீடு சேர ராத்திரி ஆகிவிடும். வளாகத்துக்குள் கூடிவர நமக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. பெண்கள் விடுதியில் அவுட்பாஸ் வார்டன் கையில். முதல் இன்டர்னலில் கணக்கில் மார்க் போனவன் முகம் காட்ட வெட்கப்பட்டு அறையிலேயே கிடக்கிறான். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவனுக்கு வகுப்பும் புரியவில்லை, நாம் பாடும் ஆங்கிலப் பாட்டுகளும் புரியவில்லை. நாமோ அவனை வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டு தினமும் ஒரு வசனம் அனுப்புகிறோம். அவன் வசனத்தைப் பார்த்ததற்கு நீல டிக் இருக்கிறது. நாம் அவனைப் பார்த்ததற்கு என்ன இருக்கிறது?

நம் அண்ணன் ஒருவர் சென்ற வாரம் விடுதி மெஸ்ஸில், நாசரேத் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் தட்டோடு அவன் எதிரே போய் உட்கார்ந்தார். ஜெபத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அம்மா போன் பண்ணினார்களா என்று கேட்டார். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: “அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மொத ஆளு நீங்கதாண்ணே.” பிள்ளைகள் நம்மை விட்டுப் போய்விட்டார்கள் என்று இனி யாரும் சொல்லக்கூடாது. நாம்தான் அவர்களிடம் போகவில்லை.

பவுல் அப்படி விட்டுவிடவில்லை. தெசலோனிக்கேயில் அவர் மூன்று ஓய்வுநாட்கள் ஜெப ஆலயத்தில் பேசினார், பலர் சேர்ந்துகொண்டார்கள், கலகம் மூண்டது, இரவோடு இரவாக ஊரைவிட்டு அனுப்பப்பட்டார். புதிதாக விசுவாசித்தவர்கள் என்ன ஆனார்களோ என்ற பாரம் அவரை விடவில்லை. அத்தேனேயில் தான் தனியாக இருந்தாலும் சரி என்று, கூட இருந்த தீமோத்தேயுவை அவர்களைத் திடப்படுத்த அனுப்பிவைத்தார். அனுப்பப்பட்டவன் ஒரு வாலிபன் என்பதைக் கவனியுங்கள். எபேசுவிலோ பவுல் திறன்னுவின் வித்தியாசாலையில் இரண்டு வருஷம் தினந்தோறும் பேசினார். வகுப்பறையில் நடந்த ஊழியம் அது, நமக்கு மிக நெருக்கமானது.

நாம் சேர்ந்திருக்கும் மாணவர் ஐக்கியமான யு.இ.எஸ்.ஐ. 1954-இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் விலங்கியல் பேராசிரியர் ஏனோக். 1956 முதல் பி.டி. சாண்டபிள்ளை பொதுச் செயலாளராக நாடெங்கும் கல்லூரி கல்லூரியாகப் போனார். மாணவனிடம் மாணவனே சுவிசேஷத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து நம் வழி. முழுநேர ஊழியர் வருவார், அவர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருக்க நமக்கு உரிமை இல்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பது நாம்தான்.

ஆளுக்கு மூன்று பேர் போதும், பத்துப் பேருக்கு ஆசைப்படாதீர்கள். தம்பிகளை அண்ணன்மார் பார்க்கட்டும், தங்கைகளை அக்காமார் பார்க்கட்டும். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள். வாரத்துக்கு இரண்டு வாசித்தால் 8 வாரத்தில் முடிந்துவிடும். அதற்கு ஹால் வேண்டாம், மைக் வேண்டாம். ஆவடி ஸ்டேஷன் பெஞ்சு போதும், விடுதி மொட்டைமாடி போதும். அம்பத்தூரில் ரயில் ஏறினால் திருநின்றவூர் வருவதற்குள் ஓர் அதிகாரம் வாசித்துப் பேசியும் விடலாம். கணக்கில் தடுமாறுகிறவனுக்கு முதலில் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். அவன் அரியர் இல்லாமல் பாஸாவதும் நம் பாரம்தான். வேறு மார்க்கத்து நண்பர் தானாகக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவரை நெருக்காதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் எங்கேயும் யாரையும் கூட்டிப்போகவே வேண்டாம்.

கடைசி வருஷத்துக்காரர்களே, பிளேஸ்மென்ட் கவலை எனக்கும் இருக்கிறது. கம்பெனி வருகிற நாளை விட்டுவிடுங்கள், மற்ற நாட்களைத் தாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பட்டதாரி அண்ணன்மாரே, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு விடுதிப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுங்கள். பிரசங்கம் எதுவும் செய்ய வேண்டாம். ரசமும் அப்பளமும் இருந்தால் போதும், பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வரும் சனிக்கிழமை ஜெபத்தில் பாட்டைக் குறைத்துக்கொண்டு பெயர்களைப் பிரிக்கிறோம். நோட்டை நான் கொண்டுவருகிறேன். எந்த மூன்று பேர் உங்களுக்கு என்று ஜெபித்துவிட்டு வாருங்கள். அன்று இரவே போன் போகட்டும்.