பார்க்கவே போகாத மீனுக்காக நீங்கள் பணம் கட்டுவீர்களா? அணைகள், சால்மன், நம்ம ஊர் கெலா

பெட்டாலிங் ஜெயாவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. இரண்டுக்கும் பின்னால் எங்கோ ஓர் அணை இருக்கிறது. அந்த அணையைத் தாண்டி மேலே போக முடியாத மீன்களுக்காக, மாதம் சில ரிங்கிட் கூடுதலாகக் கட்டச் சொன்னால் சம்மதிப்பீர்களா?

விளையாட்டுக் கேள்வி இல்லை. அமெரிக்காவில் இதை உண்மையாகவே கேட்டார்கள்.

அமெரிக்கர்கள் என்ன சொன்னார்கள்?

வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்று ஓர் ஆறு. 1913-இலும் 1927-இலும் அதில் இரண்டு அணைகள் எழுந்தன. சால்மன் கடலில் வளரும், முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். இரண்டு அணைகளிலும் மீனுக்கு வழி விடவில்லை. சால்மனை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடியினருக்கு அது பெரிய இழப்பு.

அணைகளை இடித்து மீனை மீட்க ஆண்டுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று மக்களிடம் ஓர் ஆய்வு கேட்டது. பொருளாதார அறிஞர் ஜான் லூமிஸ் அதன் முடிவை 1996-இல் வெளியிட்டார். ஆறு ஓடும் கிளாலம் மாவட்டத்தில் ஒரு குடும்பம் சராசரியாக 59 டாலர் என்றது. வாஷிங்டனின் மற்றப் பகுதிகளில் 73 டாலர். நாட்டின் மற்ற மாநிலங்களில் 68 டாலர்.

கவனித்தீர்களா? ஆற்றங்கரையில் இருப்பவர்களைவிட, அந்த ஆற்றைப் பார்க்கவே போகாதவர்கள் அதிகம் தர முன்வந்தார்கள். ‘அந்த மீன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே போதும்’ என்பதற்கும் மக்கள் ஒரு விலை வைக்கிறார்கள்.

காகிதத்தில் ‘தருகிறேன்’ என்று எழுதுவது சுலபம், கையிலிருந்து பணம் போகும்போதுதான் உண்மை தெரியும் என்று இத்தகைய ஆய்வுகளை விமர்சிப்பவர்களும் உண்டு. அது நியாயமான கேள்விதான். ஆனால் எல்வா அணைகள் 2011-க்கும் 2014-க்கும் இடையில் உண்மையிலேயே இடிக்கப்பட்டன. 2024-இல் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி முடிந்தது. சில வாரங்களிலேயே சால்மன் மேலே ஏறி வந்தது.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மலேசிய ஆறுகளில் சால்மன் இல்லை. ஆனால் கெலா இருக்கிறது. சரவாக்கில் அதன் இனத்தைச் சேர்ந்த எம்புராவ் ஒரு கிலோ ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் விலை போகும். கெலா கடலுக்குப் போவதில்லை. ஆனால் அதற்கும் தெளிந்த, வேகமாக ஓடும் தண்ணீர் வேண்டும். முட்டையிட ஆற்றின் மேல்பகுதிக்கு ஏற வேண்டும். கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்களும் அதன் உணவு.

திரங்கானுவின் கென்யிர் ஏரியைச் சுற்றுலாத் தலமாகத்தான் நமக்குத் தெரியும். 1980-களில் கட்டிய அணையால் உருவான ஏரி அது. ஏரியில் கலக்கும் சுங்கை பெத்தாங்கில் கெலா சரணாலயம் இருக்கிறது. தாமான் நெகாராவில் லுபோக் தெனோர் பகுதியிலும் கெலாவைப் பாதுகாக்கிறார்கள். ஓடும் ஆறு மிச்சம் இருக்கும் இடத்தில் மீனும் மிச்சம் இருக்கிறது.

உடாங் காலாவின் நிலை இன்னும் சிக்கல். அதன் குஞ்சுகள் வளர கழிமுகத்தின் உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும், வளர்ந்தபின் ஆற்றில் மேலே ஏறும். நடுவில் சுவர் எழுந்தால் அந்தச் சுழற்சியே அறுந்துபோகும்.

அணையில் மீனுக்கு ஒரு படிக்கட்டு கட்டினால் போதாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். தாய்லாந்தின் பாக் மூன் அணை இதற்குப் பதில் சொல்கிறது. 1994-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் மீன் படிக்கட்டும் இருந்தது. துள்ளி ஏறும் சால்மனுக்கு உதவும் அந்த முறை, பல அளவிலும் பல பழக்கத்திலும் இருக்கும் நம் வெப்பமண்டல மீன்களுக்குச் சரிவரவில்லை. அணைக்கு மேலே மீன்பிடிப்பு 60 முதல் 80 விழுக்காடு குறைந்ததாக உலக அணைகள் ஆணையம் 2000-இல் சொன்னது. கிராம மக்கள் விடாமல் போராடியதால் 2001-இல் மதகுகளைத் திறந்தார்கள். மீன்கள் திரும்பின.

மீன் குஞ்சுகளை ஏரியில் விடுவதால் எண்ணிக்கை கூடலாம். ஆனால் மறித்த வழி மறித்ததுதான்.

அப்படின்னா அணையே வேண்டாமா? நமக்குத் தண்ணீர்?

இதுதான் உண்மையான சிக்கல். கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பெருமளவு தண்ணீர் தருவது சுங்கை சிலாங்கூர். 2014-இல் அணையில் நீர்மட்டம் குறைந்து தண்ணீர்ப் பங்கீடு வந்ததும், 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். கோலகுபு பாருவில் இருக்கும் அந்த அணைக்காக தெமுவான் பூர்வக்குடி மக்கள் தங்கள் கிராமங்களை விட்டு இடம்பெயர்ந்தார்கள். அணையை இடிக்கச் சொன்னால் பிஜேயில் யாரும் கை தூக்க மாட்டோம்.

எல்வா அணைகள் வேறு ரகம். அவை கொடுத்தது ஓர் ஆலைக்கான மின்சாரம், நகரத்தின் குடிநீர் இல்லை. அதனால் நம் முன்னால் இருக்கும் தெரிவுகளும் வேறு. இருக்கும் அணையிலிருந்து கீழே போதுமான தண்ணீர் விடுவது. அணை இல்லாத கிளை ஆறுகளை அப்படியே விட்டுவைப்பது. புது அணைக்கு முன் வேறு வழி உண்டா என்று பார்ப்பது. குழாய்க் கசிவை அடைப்பதும் ஒரு வகையில் ஆற்றைக் காப்பதுதான்.

மக்கள் ஆதரவால் இங்கே எதுவும் மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. தாமான் நெகாராவின் ஒரு பகுதியை மூழ்கடித்திருக்கக்கூடிய தெம்பெலிங் அணைத் திட்டம், பொதுமக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 1980-களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அந்தக் காட்டுக்குப் போகாத நகரவாசிகளாக இருந்திருப்பார்கள். சபாவில் ‘தாகால்’ முறையில் கிராமத்தாரே ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடிக்கத் தடை போடுகிறார்கள். ரானாவின் சுங்கை மொரோலியில் மீன்கள் உங்கள் காலைச் சுற்றி வருவது அதனால்தான்.

இப்போது கிளந்தானின் குவா மூசாங்கில் 300 மெகாவாட் நெங்கிரி நீர்மின் அணை கட்டப்பட்டு வருகிறது. தெமியார் பூர்வக்குடி மக்கள் ஆற்றோரக் குடியிருப்புகளை இழக்கிறார்கள். அங்கிருந்து வரும் மின்சாரம் தீபகற்பம் முழுவதற்குமான கட்டமைப்பில் சேரும். ‘பசுமை மின்சாரம்’ என்று சொல்லப்படும் அதில் நமக்கும் பங்கு உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெரிய அணைத் திட்டங்களுக்கு விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவை. அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்தும் கேட்பார்கள். அடுத்த முறை அப்படி ஓர் அறிக்கை வரும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: மீன் எப்படி மேலே போகும்? கீழே எவ்வளவு தண்ணீர் விடுவார்கள்? அங்கே வாழும் மக்களிடம் கேட்டார்களா? பதில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

எல்வாவில் தூரத்து மக்களின் அக்கறைக்கு ஓர் எண் கிடைத்தது. அணையின் மின்சாரத்துக்கு எதிரே தராசில் வைக்க அது பயன்பட்டது. நம் கணக்கில் மெகாவாட்டுக்கும் லிட்டருக்கும் எண் இருக்கிறது. கெலாவுக்கும், அதோடு வாழும் மக்களுக்கும் பக்கத்தில் உள்ள கட்டம் இன்னும் காலி. நம்மிடம் யாராவது கேட்டால்தான் அது நிரம்பும். கேட்காவிட்டால், நாமே முந்திக்கொண்டு சொல்லலாம்.